சுண்டுவிரலோரம் கிழியும் சப்பாத்து: மட்டக்களப்பு, அம்பாறை மண்பாதைகளில் ஓடுவோர் கவனிக்க வேண்டியவை

மட்டக்களப்பு நகரில் சப்பாத்துத் தைப்பவரின் முன்னால் திருத்தத்துக்காகக் கிடக்கும் ஓட்டச் சப்பாத்துகளைப் புரட்டிப் பார்த்திருக்கிறேன். அவற்றில் பலவற்றின் அடி இன்னும் தேய்ந்திருக்காது. பற்கள் பாதிக்கு மேல் மிஞ்சியிருக்கும். ஆனால் சுண்டுவிரலின் அடிமூட்டு வந்து உராயும் இடத்தில் வலைத்துணி நீளவாக்கில் கிழிந்திருக்கும். அல்லது முன்நுனியில் பசை விட்டு அடி வாய் பிளந்திருக்கும். அல்லது குதிப் பக்கத்தில் உட்துணி தேய்ந்து, உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் கிண்ணம் வெளியே தெரியும். நீடித்து உழைக்கும் சப்பாத்து எது என்று கேட்பவர்கள் வழக்கமாக அடியின் தடிப்பைத்தான் விரலால் அழுத்திப் பார்க்கிறார்கள். நம் பகுதியில் சப்பாத்து முதலில் சாவது அடியில் இல்லை. மேலே சொன்ன மூன்று கேடுகளில் முதலாவதும் மூன்றாவதும் காலுக்குப் பொருந்தாமையால் வருபவை. நடுவில் உள்ளது வெயிலும் ஈரமும் பசையைத் தின்பதால் வருவது. ஆகவே பொருத்தம் என்றும் உழைப்பு என்றும் இரண்டு கேள்விகள் இல்லை, இரண்டும் ஒன்றே என்பதை வைத்துக்கொண்டுதான் மண்பாதைகளுக்கான ட்ரெயில் சப்பாத்தைத் தெரிவு செய்ய வேண்டும்.

முதலில் மண்ணைப் பார்ப்போம். எழுவான்கரையில் கல்லடி, நாவலடி தொடங்கித் தெற்கே கல்முனை, திருக்கோவில் வரை நீள்வது தளர்ந்த கடற்கரை மணல். மட்டக்களப்பு வாவியைக் கடந்து மேற்கே படுவான்கரைக்குள் இறங்கினால் வவுணதீவு, கொக்கட்டிச்சோலை, கரடியனாறு எங்கும் கிறவல் வீதிகளும் வயல் வரம்புகளும் கிடக்கின்றன. உன்னிச்சை, உறுகாமம், நவகிரி ஆகிய குளங்களின் கட்டுகள் காலை ஓட்டத்துக்கு நல்ல இடங்கள். குடும்பிமலைப் பக்கம் போனால் பாறை. அம்பாறை மாவட்டத்தின் தென்கோடியில், பாணமையிலிருந்து உகந்தை முருகன் கோயிலை நோக்கிப் போகும் பாதையிலும் அதன் சுற்றுப்புறத்திலும் மணல், கிறவல், முள், பாறை நான்கும் அடுத்தடுத்து வந்துவிடுகின்றன. இதே பாதைகள் ஆண்டுக்குள் இரண்டு முகம் காட்டும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் கிறவல் வீதி சீமெந்துத் தரைபோல் இறுகி, அதன்மேல் உதிரிக்கற்கள் உருளும். பொடிப்பொடியான செம்மண் தூசி சப்பாத்தின் ஒவ்வொரு நூலிடையிலும் புகும். கார்த்திகை, மார்கழியில் வடகீழ்ப் பருவமழை கொட்டும்போது அந்த வீதியின் பள்ளங்களில் முழங்காலளவு நீர் நிற்கும். வரம்புகளில் களி காலைப் பிடித்து இழுக்கும்.

சந்தையில் உள்ள ட்ரெயில் சப்பாத்துகளில் பெரும்பாலானவை வேறொரு நிலத்தை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. செங்குத்தான மலைச்சரிவு, பனி, குளிர்ந்த சேறு, ஈரமான மரவேர் என்பவற்றுக்காக வளர்ந்த தொழில் இது. அதன் தொடக்கத்தையே எடுத்துக்கொள்ளலாம்: 1935 இல் இத்தாலிய ஆல்ப்ஸ் மலையில் பொருத்தமற்ற காலணிகளோடு சென்ற மலையேறிகள் ஆறு பேர் மாண்டதைக் கண்ட விட்டாலே பிரமானி என்பவர், 1937 இல் ஆழமான பற்கள் கொண்ட இறப்பர் அடியை உருவாக்கினார். இன்று பல சப்பாத்துகளின் அடியில் மஞ்சள் நிற முத்திரையாகக் காணப்படும் விப்ரம் என்ற பெயர், அவருடைய முதற்பெயர், குடும்பப்பெயர் இரண்டின் தொடக்க எழுத்துகள் சேர்ந்ததே. அந்த அடியின் பெருமையை நான் குறைக்கவில்லை. ஆனால் ஆல்ப்ஸ் பாறைக்குத் தேவைப்பட்டது எல்லாம் படுவான்கரை வரம்புக்கும் தேவை என்று எண்ணிப் பணத்தைக் கொட்டுவது வீண்.

அடுத்தது பாதம். இதில்தான் நம்மவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள் என்பதால் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. வீட்டுக்குள்ளும் கோயிலிலும் வயலிலும் வெறுங்காலோடு நடந்து, வெளியே போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டு, பள்ளிக்கூட நேரத்தில் மட்டும் சப்பாத்துக்குள் கால் வைத்து வளர்ந்தவர்கள் நாம். கதிர்காம உற்சவத்துக்காக உகந்தை வழியே காட்டுக்குள் இறங்கும் பாதயாத்திரிகர்களில் பலர் இன்றைக்கும் வெறுங்காலோடுதான் நடக்கிறார்கள். அவர்களின் விரல்கள் விசிறிபோல் விரிந்திருப்பதை யாரும் பார்க்கலாம். தென்னிந்தியாவில் வெறுங்காலோடு நடந்து பழகியவர்களின் பாதங்களை அளந்து பெல்ஜிய ஆய்வாளர்கள் 2009 இல் வெளியிட்ட ஆய்வொன்று, சப்பாத்துப் போட்டுப் பழகிய மேலைநாட்டவரைவிட அவர்களின் பாதம் அகன்றது என்றும், நடக்கும்போது உடலின் பாரம் பாதம் முழுவதும் கூடுதல் சமமாகப் பரவுகிறது என்றும் காட்டியது. இது குறை இல்லை, நலமான பாதத்தின் இயல்பு. ஆனால் சப்பாத்தை வார்க்கும் அச்சு பெரும்பாலும் குறுகிய முன்பாதத்தையும் கூரிய நுனியையும் கொண்டது. அகன்ற பாதம் குறுகிய சப்பாத்துக்குள் போனால், ஒவ்வோர் அடியிலும் சுண்டுவிரல் மூட்டு வெளிப்பக்கத் துணியைத் தள்ளுகிறது. ஒரு கிலோமீற்றருக்கு ஒரு காலே ஐந்நூறு முறைக்குக் குறையாமல் தரையில் விழும் என்றால், நூறு கிலோமீற்றருக்குள் அந்த ஒரே இடத்தில் ஐம்பதினாயிரம் தள்ளல்கள். துணியின் நூலிடைகளில் தூசி வேறு இருந்தால் அது அரத்தாள்போல் உள்ளிருந்தே நூலை அறுக்கும். கிழிந்தபின் துணி மட்டமானது என்று நாம் பழி சொல்கிறோம்.

இதைக் கடையிலேயே கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. சப்பாத்துக்குள் கிடக்கும் உள்மெத்தையைக் கழற்றித் தரையில் வைத்து, குதியை அதன் பின்விளிம்போடு சரியாகப் பொருத்தி, முழுப் பாரத்தையும் கொடுத்து அதன்மேல் நிற்க வேண்டும். விரலோ மூட்டோ விளிம்பைத் தாண்டிச் சரிந்தால் அந்தச் சப்பாத்து உங்களுடையது இல்லை. நிறம் எவ்வளவு பிடித்திருந்தாலும், விலையில் எவ்வளவு கழிவு கொடுத்தாலும் அப்படியே திருப்பி வைத்துவிட வேண்டும். அகலம் போதாத இடத்தில் அடுத்த அளவுக்குப் போவது பலர் செய்யும் தவறு. நீளம் கூடினால் அகலமும் சிறிது கூடும் என்பது உண்மைதான். ஆனால் அதோடு குதி தளர்ந்து, சப்பாத்து மடியும் இடமும் விரல்மூட்டு மடியும் இடமும் விலகிப் போகின்றன. குதி மேலும் கீழுமாக வழுக்க, உட்துணி தேய்ந்து கிண்ணம் வெளிப்படும். தொடக்கத்தில் சொன்ன மூன்றாவது கேடு இப்படித்தான் வருகிறது. சில நிறுவனங்கள் ஒரே நீளத்தில் அகன்ற வகையையும் செய்கின்றன. அமெரிக்காவின் ஆல்ட்ரா போன்றவை விரற்பகுதியைப் பாதத்தின் உண்மையான வடிவிலேயே அமைக்கின்றன. அவை இங்கே எளிதில் கிடைப்பதில்லை என்றாலும், தேடும்போது எந்த வடிவத்தைத் தேடுகிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

நீளத்தைப் பொறுத்தவரை, நின்ற நிலையில் மிக நீண்ட விரலுக்கு முன்னால் ஏறக்குறைய 10 முதல் 12 மில்லிமீற்றர் இடம் இருக்க வேண்டும். மிக நீண்டது எப்போதும் பெருவிரலாக இருக்காது. பலருக்கு இரண்டாம் விரலே நீண்டது. நம் வெப்பத்தில் ஒரு மணிநேரம் ஓடினால் பாதம் வீங்கும் என்பதால், காலையில் சும்மா போய் வாங்குவதைவிட மாலையில், ஓடும்போது அணியும் அதே காலுறையைப் போட்டுக்கொண்டு போய் வாங்குவது நல்லது. இரண்டு கால்களும் ஒரே அளவாக இருப்பது அரிது. பெரிய காலுக்கு வாங்கி, சிறிய காலைச் சப்பாத்து லேசால் இறுக்கிக்கொள்ள வேண்டும்.

வெளிநாட்டு உறவினர் வாங்கி அனுப்பும் சப்பாத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் ஊர்களில் நல்ல ட்ரெயில் சப்பாத்து பெரும்பாலும் அப்படித்தான் வந்து சேர்கிறது. கனடாவில் இருக்கும் அத்தானிடம் தொலைபேசியில் "ஒன்பது" என்று சொன்னால், அவர் கடையில் கேட்பது அமெரிக்க ஒன்பது. நாம் சொன்னது பிரித்தானிய ஒன்பது. ஆண்களுக்கான அளவில் அமெரிக்க எண் பிரித்தானிய எண்ணைவிட ஏறக்குறைய ஒன்று கூடுதலாக ஓடுவதால், வந்து சேரும் சப்பாத்து ஓர் அளவு சிறியதாக இருக்கும். பிரித்தானிய முறையில் ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் இடைவெளி ஓர் அங்குலத்தின் மூன்றிலொரு பங்கு, அதாவது ஏறக்குறைய 8.5 மில்லிமீற்றர். ஐரோப்பிய முறையில் அது ஏறக்குறைய 6.7 மில்லிமீற்றர். அதனால் ஒன்றை மற்றொன்றாக மாற்றும் அட்டவணைகள் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடுகின்றன. எண்ணையே சொல்லாதீர்கள். ஒரு தாளைச் சுவரோடு சேர்த்துத் தரையில் வைத்து, குதி சுவரில் முட்ட நின்று, மிக நீண்ட விரலின் நுனியைக் குறித்து, நீளத்தையும் முன்பாதத்தின் மிக அகன்ற இடத்தையும் மில்லிமீற்றரில் அளந்து படமெடுத்து அனுப்புங்கள். பல சப்பாத்துகளின் நாக்கின் உட்புறத்தில் சென்ரிமீற்றர் அளவும் அச்சிடப்பட்டிருக்கும்; கடையில் நிற்கும் உறவினர் அதை ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

குதியின் பிடிப்பைச் சரிசெய்ய மேல்முனையில் உள்ள கூடுதல் துளை உதவும். பலர் அதைத் தொடுவதே இல்லை. லேசை அந்தத் துளைக்குள் அதே பக்கமாகச் செலுத்தி ஒரு சிறு வளையம் ஆக்கி, எதிர்ப்பக்க லேசை அதற்குள் கோத்து இறுக்கினால், விரற்பகுதியை நெருக்காமலே குதி பூட்டியதுபோல் நிற்கும். குடும்பிமலைப் பாறையில் இறங்கும்போது இந்தப் பூட்டு இல்லாவிட்டால் பாதம் முன்னால் வழுக்கி நகத்தை மோதும். நகம் கறுத்து விழுவது பெரும்பாலும் இதனால்தான்.

இனி அடி. பற்களின் ஆழம் 2, 3 மில்லிமீற்றர் முதல் 8 மில்லிமீற்றர் வரை இருக்கும். ஆழம் கூடினால் பிடிப்பும் கூடும் என்பது மென்மையான சேற்றுக்கு மட்டுமே பொருந்தும். இறுகிய கிறவலில் ஆழமான பற்கள் மண்ணுக்குள் இறங்க முடியாமல் முளைகள்போல் நின்று வளைகின்றன. உடலின் பாரம் சில முளைகளின் நுனியில் மட்டுமே விழுவதால் அவை விரைவில் தேய்கின்றன, சில அடியோடு பிய்ந்தும் போகின்றன. தளர்ந்த மணலிலோ எந்தப் பல்லும் பெரிதாக உதவுவதில்லை. அங்கே அலை நனைத்து இறுகிய விளிம்பைத் தேடி ஓடுவதே வழி. நம் பகுதியில் ஆண்டின் பெரும்பகுதி ஓட்டத்துக்கு 3 முதல் 4 மில்லிமீற்றர் போதும் என்பது என் முடிவு. மாரியிலும் வரம்பில் ஓடுபவர் 5 மில்லிமீற்றருக்குப் போகலாம். அப்போது ஆழத்தைவிட பற்களுக்கிடையிலான இடைவெளியைப் பார்க்க வேண்டும். நெருக்கமான பற்களுக்குள் களி அப்பிக்கொண்டால் பத்து அடிக்குள் சப்பாத்து ஒரு வழுவழுப்பான மண்கட்டியாகிவிடும்; இடைவெளி அகன்றிருந்தால் களி தானே உதிர்ந்துவிடும்.

இறப்பரின் தன்மையில் ஒரு கொடுக்கல் வாங்கல் இருக்கிறது. மென்மையான இறப்பர் ஈரப்பாறையில் நன்றாகப் பிடிக்கும், ஆனால் கிறவலில் விரைவாகக் கரையும். கடினமான இறப்பர் நீண்ட நாள் உழைக்கும், ஈரப்பாறையில் வழுக்கும். ஈரப்பாறையில் நாம் ஓடுவது அரிது என்பதால் கடினமான பக்கமே சாய்வது நியாயம். காற்றுக்குமிழ் ஏற்றி இலேசாக்கிய இறப்பரைச் சில வீதி ஓட்டச் சப்பாத்துகளில் போடுகிறார்கள். நகத்தால் அழுத்தினால் பஞ்சுபோல் உள்வாங்கும் அந்த வகை கிறவலுக்கு ஆகாது. அடி முழுவதையும் இறப்பர் மூடியிருக்கிறதா, இடையிடையே நுரைப் பகுதி திறந்து கிடக்கிறதா என்றும் புரட்டிப் பாருங்கள். திறந்த நுரையில்தான் கூரான கற்களும் முட்களும் ஏறும். சூரை முள், ஈச்ச முள் உள்ள இடங்களில் ஓடுபவர்களுக்கு, அடிக்கும் நுரைக்கும் இடையே மெல்லிய பாதுகாப்புத் தகடு வைத்த வகை பயன்படும். விரல்நுனியை மூடி மேலேறும் இறப்பர்க் கவசம் எல்லோருக்கும் தேவை. கல்லில் இடறும்போது விரலைக் காப்பதோடு, பசை விட்டு வாய் பிளக்கும் இடத்தையும் அது அணைத்துப் பிடிக்கிறது.

நீர்புகாத சப்பாத்து பற்றி நான் உறுதியாகவே எதிராகச் சொல்வேன். சில ஆண்டுகளுக்கு முன் உறவினர் ஒருவர் மிகுந்த அன்போடு அனுப்பிய அத்தகைய சோடியை மாரி ஓட்டத்துக்காகவே பொத்திப் பொத்தி வைத்திருந்தேன். வவுணதீவுப் பக்கம் வீதியைக் குறுக்கறுத்து ஓடிய நீரில் கணுக்கால் மூழ்க இறங்கியதும், நீர் மேல்வாயால் உள்ளே புகுந்தது; புகுந்த நீர் வெளியேற வழியில்லை. மீதி ஏழு கிலோமீற்றரையும் இரண்டு கிண்ணம் நீரைக் காலில் கட்டிக்கொண்டு ஓடியதுபோல் ஓடினேன். வீட்டில் காலுறையைக் கழற்றியபோது இரண்டு குதியிலும் தோல் உரிந்திருந்தது. 1969 இல் பொப் கோர் உருவாக்கிய கோர்-டெக்ஸ் போன்ற சவ்வுகள் வெளிநீரைத் தடுத்து, வியர்வை ஆவியை மட்டும் வெளியே விடுபவை. உள்ளே சூடும் ஈரமும் கூடுதலாக, வெளியே குளிரும் வறட்சியுமாக இருக்கும் இடத்தில்தான் அந்த ஆவி சுறுசுறுப்பாக வெளியேறும். வெளிக்காற்றே சூடாகவும் ஈரமாகவும் இருக்கும் நம் கரையோரத்தில் அந்த வேறுபாடு மிகச் சிறியது, வியர்வையே உள்ளே தேங்கிவிடுகிறது. நமக்கு வேண்டியது நீர் புகுந்தாலும் சில அடிகளில் பிதுங்கி வெளியேறும் சப்பாத்து. வயல்நீரில் எலிக்காய்ச்சல் பரவும் பருவத்தில், உரிந்த தோலோடு அந்த நீருக்குள் கால் வைப்பது வெறும் வலியோடு முடிகிற விடயமும் இல்லை.

மேற்பகுதி வலைத்துணியாக இருக்க வேண்டும், ஆனால் எந்த வலை என்பது முக்கியம். பெரிய கண் உள்ள வலை காற்றோட்டம் தரும். கடற்கரை மணலையும் கிறவல் தூசியையும் சேர்த்தே உள்ளே விடும். சிறிய கண், இறுக்கமான நெசவு, சுண்டுவிரல் மூட்டின் பக்கத்தில் உருக்கி ஒட்டிய மேலுறை ஆகிய மூன்றும் உள்ள சப்பாத்தைத் தேடுங்கள். மேலுறை மடிப்புக்கோட்டின் நடுவிலேயே முடிந்தால் அந்த விளிம்பே கத்தியாகி வலையை வெட்டும். மடிப்பைத் தாண்டிப் போயிருக்க வேண்டும். நாக்கு இருபக்கமும் உடலோடு தைக்கப்பட்டிருந்தால் மணல் புகுவது குறையும். கடற்கரையின் இராவணன் மீசைப் புல்லருகே ஓடுபவர்களுக்கு இந்த இறுகிய நெசவின் அருமை தெரியும்.

நடுவிலுள்ள நுரையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பெரும்பாலான ஓட்டச் சப்பாத்துகளில் ஈவிஏ எனப்படும் எத்திலீன் வைனைல் அசிட்டேற்று நுரை இருக்கிறது. அது நாளடைவில் அமுங்கித் தட்டையாகும், ஆனால் ஈரத்தால் உதிராது. சில நடைச் சப்பாத்துகளில் உள்ள பொலியூரித்தேன் நுரையோ காற்றிலுள்ள ஈரத்தோடு வினைபட்டு, அணியாமல் அலுமாரியில் இருந்தாலும் சில ஆண்டுகளில் பொடிந்துபோகும். நல்லநாளுக்கென்று எடுத்து வைத்த விலையுயர்ந்த சப்பாத்து முதல்நாளே அடி கழன்று விழுவதற்குக் காரணம் இதுவே. ஆகவே கழிவு விலையில் கிடைக்கும் பழைய இருப்பை வாங்கும்போது, எந்த ஆண்டில் செய்தது என்பதை நாக்கின் உட்புற முத்திரையில் பார்க்க வேண்டும். நுரையின் உயரத்திலும் அளவு வேண்டும்: வரம்புபோல் ஒடுங்கிய, சரிந்த தரையில் உயர்ந்த அடி கணுக்காலைப் புரட்டிவிடும். குதிக்கும் முன்பாதத்துக்கும் இடையிலான உயர வேறுபாடு 4 முதல் 8 மில்லிமீற்றர் என்பது நடுத்தரம். பல ஆண்டுகள் 10, 12 மில்லிமீற்றரில் ஓடியவர் திடீரென்று சமதளச் சப்பாத்துக்கு மாறினால் கெண்டைக்காலும் குதிநாணும் தாங்காது.

கடையில் இன்னும் இரண்டு சோதனைகள் செய்யலாம். சப்பாத்தின் நுனியையும் குதியையும் பிடித்து மடக்கினால் விரல்மூட்டு வரும் இடத்தில் மடிய வேண்டும்; நடுவே மடிந்தால் வேண்டாம். அடியும் மேற்பகுதியும் சேரும் கோட்டைச் சுற்றிலும் நகத்தால் மெல்ல நெம்புங்கள். எங்காவது இடைவெளி திறந்தால், மாரியில் அது முழுதாகத் திறக்கும். சந்தையில் குறைந்த விலைக்கு வரும் போலி முத்திரைச் சோடிகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தோற்கின்றன.

பராமரிப்பு சிறிது நேரம் பிடிக்கும், ஆனால் சப்பாத்தின் ஆயுளில் பெரும்பங்கு அதில்தான் இருக்கிறது. கடற்கரையிலோ வாவியோரத்திலோ ஓடிய நாளில் நல்ல தண்ணீரில் அலச வேண்டும். உப்பு காய்ந்து பளிங்கானால் நூலை அறுக்கும். உள்மெத்தையைக் கழற்றி, உள்ளே பத்திரிகைத் தாளைத் திணித்து, நிழலில் காற்றோட்டத்தில் உலர்த்துங்கள். தகரக் கூரையின்மேல் வைப்பதும், வெயிலில் நிற்கும் வாகனத்துக்குள் பூட்டிவிட்டுப் போவதும் பசையை இளக்கி, தொடக்கத்தில் சொன்ன அந்த வாய்ப்பிளவை உண்டாக்கும். இரண்டு சோடியை மாறிமாறி அணிய வசதியிருந்தால் மாரியில் ஒன்று முழுதாகக் காயும் வரை மற்றொன்று ஓடும். முன்நுனி சிறிது திறந்ததும் தைப்பவரிடம் கொடுத்து ஒட்டி, ஓரம் சுற்றி ஒரு வரி தைத்துவிட்டால் இன்னும் பல மாதம் கிடைக்கும். முழுதாகப் பிளந்தபின் கொடுத்தால் உள்ளே புகுந்த மண்ணின்மேல் பசை பிடிக்காது.

ஒரு நல்ல சோடி 500 முதல் 800 கிலோமீற்றர் வரை உழைக்கும் என்பது பொதுவான கணக்கு. வாங்கிய நாளை நாக்கின் உட்புறத்தில் அழியாத மையால் எழுதி வைத்திருக்கிறேன். மேசையின்மேல் சோடியை வைத்துப் பின்னாலிருந்து பார்க்கும்போது ஒரு குதி உட்பக்கமோ வெளிப்பக்கமோ சரிந்து நின்றால், பற்கள் எவ்வளவு மிஞ்சியிருந்தாலும் அதில் ஓடுவதை நிறுத்திவிட்டு, வயலுக்கும் தோட்டத்துக்கும் போட்டுக்கொள்கிறேன்.